கலத்தினுள் வலை கண்டவர்: கமில்லோ கொல்கி (1843 – 1926)

மாணவர்களே! விஞ்ஞானப் பாடத்திலே விலங்குக் கலத்தின் படத்தை நீங்கள் பலமுறை வரைந்திருப்பீர்கள். கரு, இழைமணி, அகமுதலுருச் சிறுவலை என்று ஒவ்வொன்றாகப் பெயரிட்டு வரும்போது ஓரிடத்தில் கொல்கி உடல் என்று எழுதுவீர்கள். ஏனைய பெயர்கள் அந்தந்தப் பகுதியின் தோற்றத்தை அல்லது இருப்பிடத்தைக் குறிப்பவை. இது மட்டும் ஒரு மனிதரின் பெயர். புள்ளி கிடைக்கிறது என்பதற்காக எழுதிவிட்டுப் போகும் இந்தப் பெயருக்குப் பின்னால், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த ஒரு வழக்கு இருக்கிறது. இம்மனிதர் தம் வாழ்நாளில் வலை போன்ற இரண்டு அமைப்புகளைப் பற்றிப் பேசினார். ஒன்றை அவர் உயிர்போல் காத்தார், அது பிழையாயிற்று. மற்றொன்றை அவர் கண்டு சொல்லிவிட்டு விட்டார்; அது சரியாயிற்று. ஆனால் சரியாயிற்று என்பதை அறிய அவர் உயிரோடு இருக்கவில்லை.

(இத்தாலி மொழியில் இப்பெயரைக் கொல்ஜி என்றே உச்சரிப்பர். எமது பாடநூல்களில் கொல்கி என்று வழங்குவதால் நீங்களும் அவ்வாறே எழுதுங்கள்.)

பிறப்பும் கல்வியும்

இத்தாலியின் வடக்கே அல்ப்ஸ் மலைச்சாரலில் கோர்த்தேனோ என்றொரு சிறு கிராமம் உண்டு. அங்கே 1843ஆம் ஆண்டு யூலை மாதம் 7ஆம் திகதி கமில்லோ கொல்கி பிறந்தார். தந்தையார் அலெசான்றோ கொல்கி அக்கிராமத்தின் வைத்தியர். அந்நாளில் இத்தாலி என்றொரு தனி நாடு இருக்கவில்லை. கிராமம் அமைந்திருந்த லொம்பார்டிப் பிரதேசம் ஒஸ்ரியப் பேரரசின் கீழ் இருந்தது. கொல்கிக்குப் பதினெட்டு வயது நிறையும் காலத்தில், 1861இல், இத்தாலிய இராச்சியம் உருவாயிற்று.

தந்தையைப் பின்பற்றி அவரும் மருத்துவம் கற்கப் பாவியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். (ஊரின் பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், ஐரோப்பாவின் பழம்பெரும் கல்விக்கூடங்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது.) 1865இல் பட்டம் பெற்று அவ்வூர் வைத்தியசாலையிலேயே பணியாற்றத் தொடங்கினார். செசாரே லொம்புரோசோ என்ற பேராசிரியர் அப்போது அங்கு மனநோய்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். மனநோய்க்கும் உடலிலேதான் காரணம் இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். இளைஞரான கொல்கியை அவ்வெண்ணம் கவர்ந்தது. ஆனால் அதனை நிறுவ லொம்புரோசோ காட்டிய சான்றுகள் அவருக்குப் போதவில்லை. மூளையில் நோய் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், நோயற்ற மூளை எப்படி இருக்கும் என்பதையாவது முதலில் கண்ணால் பார்க்க வேண்டும் அல்லவா?

பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் யூலியோ பிற்சொசெரோ. இவர் கொல்கியை விட வயதில் மூன்று ஆண்டுகள் இளையவர்! குருதி உறைதலில் குருதிச் சிறுதட்டுகளுக்கு உள்ள பங்கை 1882இல் வெளிப்படுத்தியவரும் இவரே. தம்மிலும் இளையவரிடம் மாணவராக அமர்ந்து நுணுக்குக்காட்டி வேலையைப் பழகினார் கொல்கி. பிற்காலத்தில் அவருடைய மருமகளான லீனாவையே மணந்தார்.

சமையலறையில் ஓர் ஆய்வுகூடம்

ஆராய்ச்சி ஆர்வம் வயிற்றை நிரப்பாது. நிலையான வருமானம் தேடும்படி தந்தை வற்புறுத்தவே, 1872இல் அப்பியாத்தேகிராசோ என்ற சிற்றூரில் தீராத நோயாளரைப் பராமரிக்கும் விடுதியொன்றின் தலைமை வைத்தியர் பதவியை ஏற்றுக்கொண்டார். பல்கலைக்கழகம் இல்லை, ஆய்வுகூடம் இல்லை, பேசிக்கொள்ள ஓர் ஆராய்ச்சியாளர் கூட அங்கு இல்லை. இத்தகைய இடமாற்றம் கிடைத்த பலர் அத்தோடு ஆராய்ச்சியை மறந்துவிடுவர். கொல்கியோ அங்கிருந்த சிறிய சமையலறையொன்றை ஆய்வுகூடமாக்கினார். ஒரு நுணுக்குக்காட்டி, சில கருவிகள், சில இரசாயனப் பொருட்கள். பகலில் நோயாளர், ஓய்வு நேரத்தில் மூளைத் துண்டுகள்.

அக்காலத்து ஆராய்ச்சியாளரின் இடர்ப்பாட்டை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். நரம்பிழையம் மென்மையானது, நிறமற்றது. ஒரு நரம்புக்கலத்திலிருந்து எத்தனையோ கிளைகள் புறப்பட்டு அயற்கலங்களின் கிளைகளோடு பின்னிக் கிடக்கும். அடர்ந்த பற்றைக்காட்டுக்குள் நின்று, எந்தக் கொப்பு எந்த மரத்துக்குரியது என்று சொல்ல முயல்வதைப் போன்றது அது. அன்றிருந்த சாயங்களை இட்டால் எல்லாக் கலங்களும் ஒன்றாக மங்கலாய் நிறமேறின. கலத்தின் உடல் தெரிந்தது, கிளைகள் தெரியவில்லை.

1873இல் கொல்கி ஒரு முறையைக் கண்டார். நரம்பிழையத்தைப் பொற்றாசியம் இருகுரோமேற்றுக் கரைசலில் பல நாட்கள் ஊறவைத்துக் கடினமாக்கினார். பின்னர் அதனை ஐதான வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் இட்டார். இரண்டும் தாக்கமுற்று வெள்ளிக் குரோமேற்று வீழ்படிவு உண்டாயிற்று. அவ்வீழ்படிவு எல்லாக் கலங்களிலும் படியவில்லை. நூற்றுக்கு ஒன்று, இரண்டு, சில வேளைகளில் சற்றுக் கூடுதலாக, அங்கொன்று இங்கொன்றாகவே படிந்தது. ஆனால் படிந்த கலத்தில் முற்றாகப் படிந்தது. மஞ்சள் நிறப் பின்னணியிலே, கலத்தின் உடலும் கிளையும் கிளையின் கிளையும் மையால் வரைந்தாற்போல் கறுத்துத் தெரிந்தன. பற்றைக்காட்டிலே ஒரு மரத்திற்கு மட்டும் வேரிலிருந்து நுனிவரை கறுப்புப் பூசியது போல! கரும் தாக்கம் என்று இதற்குப் பெயர் வந்தது. சில கலங்கள் மட்டும் ஏன் கறுக்கின்றன என்பதற்கு இன்றுகூட விஞ்ஞானிகளிடம் முழுமையான விடை இல்லை. அந்தக் குறைபாடுதான் அம்முறையின் பலம் என்பதைக் கவனியுங்கள். எல்லாக் கலங்களும் கறுத்திருந்தால் எதுவுமே தெரிந்திராது.

முதலாவது வலை

இம்முறையைக் கொண்டு கொல்கி மூளையின் பல பகுதிகளை ஆராய்ந்தார். மணத்தை உணரும் பகுதி, மூளி, முண்ணாண் என ஒவ்வொன்றையும் அழகிய படங்களாக வரைந்தார். 1875இல் பாவியாப் பல்கலைக்கழகம் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது. இடையிலே சியெனா நகரில் சிறிது காலம் இருந்ததைத் தவிர, எஞ்சிய வாழ்நாள் முழுவதும் பாவியாவிலேயே கழிந்தது.

தாம் கண்டவற்றிலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். நரம்புக்கலங்களின் நீண்ட நார்களிலிருந்து பிரியும் மெல்லிய கிளைகள் ஒன்றோடொன்று இணைந்து, மூளை முழுவதும் பரந்த ஒரே வலையாகின்றன. மூளை தொழிற்படுவது தனித்தனிக் கலங்களாக அன்று, அவ்வலையாகவே என்பதே அம்முடிவு. அன்றைக்கு இது விந்தையான கருத்தன்று. வேறு அறிஞர்களும் இதனை ஒத்த கருத்தையே கொண்டிருந்தனர்.

1887இல் சந்தியாகோ ரமோன் இ கஹால் என்ற ஸ்பானிய மருத்துவர், கொல்கியின் முறையில் கறுப்பாக்கப்பட்ட ஒரு துண்டை மட்றிட் நகரில் கண்டார். கண்டவர் அம்முறையையே பற்றிக்கொண்டார். இரு தடவைகள் ஊறவைத்து அதனைத் திருத்தினார். முதிர்ந்த மூளையை விட்டு, கிளைகள் இன்னும் சிக்கலாகாத முளையங்களையும் குஞ்சுகளையும் எடுத்துப் பார்த்தார். 1888இலிருந்து அவர் வெளியிட்ட முடிவு கொல்கியின் முடிவுக்கு நேர் எதிரானது. நரம்புக்கலங்கள் தனித்தனியானவை, அவற்றின் கிளைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றனவே தவிர இணைந்துவிடுவதில்லை என்றார் அவர். இன்று நீங்கள் நரம்பிணைப்பு என்று படிப்பது அந்த நெருக்கத்தில் உள்ள இடத்தைத்தான்.

ஒரே முறை, ஒரே வகைக் கறுப்புக் கோடுகள். ஒருவருக்கு வலை தெரிந்தது; மற்றவருக்குத் தனிக் கலங்கள் தெரிந்தன. கஹால் சொன்னதே சரி.

தசைநாணும் முறைக்காய்ச்சலும்

கொல்கியின் வேறு பணிகள் சிலவற்றையும் இங்கே சொல்ல வேண்டும். தசை என்பை இணைக்கும் இடத்திலுள்ள தசைநாணில், நரம்பு முனைகள் சுற்றிப் படர்ந்த நுண்ணிய உறுப்பொன்றை 1880ஆம் ஆண்டளவில் விபரித்தார். தசை எவ்வளவு இழுவையை உண்டாக்குகிறது என்பதை நரம்புத் தொகுதிக்கு அறிவிக்கும் உறுப்பு அது. அதற்கும் கொல்கியின் பெயரே.

மலேரியாவைப் பற்றிய அவரது ஆய்வு நம்மவர் பலருக்குத் தெரியாது. முறைக்காய்ச்சல் என்று முன்னோர் அதனை அழைத்தனர். முறை வைத்து வருவதனால். ஒரு வகை 48 மணித்தியாலத்திற்கு ஒருமுறை வரும்; இன்னொரு வகை 72 மணித்தியாலத்திற்கு ஒருமுறை வரும். ஏன் இந்த முறை? 1880இல் லவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளரின் குருதியில் ஒட்டுண்ணியைக் கண்டிருந்தார். 1885இலிருந்து கொல்கி நோயாளரின் குருதியை மணிக்கணக்கு வைத்துப் பார்த்தார். ஒட்டுண்ணி செங்குருதிக் கலத்தினுள் வளர்ந்து, பிரிந்து, கலத்தை உடைத்துக்கொண்டு வெளிவரும் நேரமும் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் தொடங்கும் நேரமும் ஒன்றே எனக் காட்டினார். இரு வகைக் காய்ச்சலுக்கும் வெவ்வேறு ஒட்டுண்ணிகள் காரணம் என்பதையும் வெளிப்படுத்தினார். காய்ச்சல் தொடங்குவதற்குச் சில மணித்தியாலங்கள் முன்னரே கொயினா மருந்தைக் கொடுப்பது பயன்தரும் என்பது இதிலிருந்து கிடைத்த நடைமுறைப் பயன். நுளம்பின் பங்கை றொனால்ட் றொஸ் கண்டுபிடித்தது இதற்குப் பின்பு, 1897இல்.

இரண்டாவது வலை

1898ஆம் ஆண்டுக்கு வருவோம். கொல்கிக்கு அப்போது வயது 54. தம் கரும் தாக்கத்தில் சில மாற்றங்களைச் செய்து, கூகையின் மூளியிலுள்ள பெரிய நரம்புக்கலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இம்முறை கலத்தின் வெளி உருவம் கறுக்கவில்லை. கலத்தின் உள்ளே, கருவைச் சூழ்ந்தாற்போல், மெல்லிய நூல்கள் பின்னிய சிறு வலை ஒன்று கறுத்துத் தெரிந்தது. அவசரப்பட்டு அறிவிக்க அவர் விரும்பவில்லை. அவரது உதவியாளரான எமிலியோ வெராற்றி வேறு நரம்புக்கலங்களிலும் அதே அமைப்பைக் கண்டு உறுதிப்படுத்தினார். அதன் பின்னரே, அவ்வாண்டு ஏப்பிரலில், பாவியா மருத்துவச் சங்கத்தில் கொல்கி அதனை வெளியிட்டார். உள் வலையுரு உபகரணம் என்பது அவர் அதற்கு இட்ட பெயர். இன்றைய கொல்கி உடல் அதுவே.

வெராற்றியின் பெயர் உங்கள் பாடநூலில் இராது. ஆயினும் இவரை நான் விட்டுவிடப் போவதில்லை. 1872இல் பிறந்த இவர் தம் ஆசானின் முறையை எடுத்துச் சென்று வேறோர் இழையத்தில் பிரயோகித்தார். அது வரித்தசை.

வரித்தசை நாரை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் குறுக்கே கரும்பட்டியும் வெண்பட்டியும் மாறிமாறித் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். நாரின் உள்ளே நீளவாக்கில் நூற்றுக்கணக்கான தசைச் சிறுநார்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. சிறுநார்களுக்கு இடைப்பட்ட பகுதியை அன்று பெரும்பாலோர் பெரிதாக எண்ணவில்லை. 1902இல் வெராற்றி வெளியிட்ட ஆய்வில் அவ்விடைவெளிகளெங்கும் மிக மெல்லிய வலைகள் கறுத்துக் காணப்பட்டன. அவை ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கவில்லை. பட்டிகள் எங்கெங்கே வருகின்றனவோ, அவற்றுக்கு ஏற்ற மட்டங்களில் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வந்தன. முள்ளந்தண்டுள்ள விலங்குகள், பூச்சிகள் எனப் பலவற்றின் தசைகளிலும் அவர் இதைக் கண்டு வரைந்தார்.

இவ்விரண்டு வலைகளுக்கும் கிடைத்த வரவேற்பு என்ன? கொல்கி உடலைச் சிலர் ஏற்றனர், பலர் ஐயுற்றனர். உயிரற்ற இழையத்தில் இரசாயனப் பொருளை ஊற்றி வீழ்படிவை உண்டாக்குகிறீர்கள். அந்த வீழ்படிவே வலை போலத் தெரிகிறது. உயிருள்ள கலத்தில் அப்படி ஒன்று இல்லை என்பது அவர்கள் வாதம். இதை வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. கரும் தாக்கம் தன் இஷ்டப்படி நடக்கும் ஒன்று. ஒருவர் கண்டதை இன்னொருவர் மீண்டும் காண்பது இலகுவாக இருக்கவில்லை. அந்த வாதம் அரை நூற்றாண்டு ஓயவில்லை. வெராற்றியின் தசை வலைக்கோ வாதிடவும் ஆள் இல்லை. அது மறக்கப்பட்டது.

பரிசும் பிடிவாதமும்

1906இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு கொல்கிக்கும் கஹாலுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நரம்புத் தொகுதியின் அமைப்பைப் பற்றிய பணிக்காகவே அப்பரிசு. ஒருவர் வலை என்கிறார், மற்றவர் வலையே இல்லை என்கிறார். இருவரும் ஒரே மேடையில்! டிசெம்பர் மாதத்தில் ஸ்ரொக்ஹோம் நகரில் கொல்கி நிகழ்த்திய பரிசுரையில், கஹாலின் கொள்கையை எதிர்த்துத் தம் பழைய வலைக் கொள்கையையே நிலைநாட்ட முயன்றார். அப்போது பெரும்பாலான அறிஞர்கள் கஹால் பக்கம் வந்துவிட்டனர். மறுநாள் பேசிய கஹால் தனிக்கலக் கொள்கைக்கான சான்றுகளை எடுத்துரைத்தார். இருவரும் அதன்பின் நண்பர்களாகவில்லை.

கொல்கியைப் பிடிவாதக்காரர் என்று நூல்கள் பல எழுதுகின்றன. உண்மைதான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அவர் காலத்து நுணுக்குக்காட்டியினால், இரு நரம்புக்கலங்களுக்கிடையே உள்ள இடைவெளியைக் காட்டவே முடியாது. அது ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவானது. கஹாலும் அவ்விடைவெளியைக் கண்ணால் கண்டாரில்லை. கிளைகள் முடியும் விதத்தைக் கண்டு ஊகித்தார். அவ்வூகம் சரியானது. கொல்கியின் ஊகம் பிழையானது. கொல்கியிடம் குறை காண்பதானால், முப்பது ஆண்டுகளில் சேர்ந்த புதிய சான்றுகளை அவர் கணக்கில் எடுக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அதற்குள் அவர் நாட்டின் பெரிய மனிதராகிவிட்டார். 1900இல் செனட் சபை உறுப்பினர். இரு தடவைகள் பாவியாப் பல்கலைக்கழகத்தின் தலைவர். விசர்நாய்க்கடி நோயுற்ற விலங்குகளின் நரம்புக்கலங்களில் தனித்துவமான பொருட்களை 1903இல் கண்ட நெக்ரியும் அவரது ஆய்வுகூடத்தில் வளர்ந்தவரே. முதலாம் உலகப் போரின்போது, எழுபது வயதைத் தாண்டிய நிலையிலும், பாவியாவில் அமைந்த இராணுவ வைத்தியசாலையொன்றைப் பொறுப்பேற்று, நரம்புகள் பாதிக்கப்பட்ட போர்வீரர்களின் சிகிச்சையைக் கவனித்தார். 1918இல் ஓய்வு பெற்றார். 1926 சனவரி 21ஆம் திகதி பாவியாவில் காலமானார். பிள்ளைகள் இல்லை. அவர் பிறந்த கிராமம் 1956இலிருந்து கோர்த்தேனோ கொல்கி என்று அழைக்கப்படுகிறது.

அவருக்குப் பின்

கொல்கி இறந்த வேளையில் நரம்பு வலை வீழ்ந்துவிட்டது. கலத்தினுள் இருந்த வலை வழக்கிலே நின்றது. தசை வலை மறதியில் கிடந்தது. இந்த நிலையை மாற்றியது இலத்திரன் நுணுக்குக்காட்டி. ஜேர்மனியில் 1931இல் அதன் முதல் வடிவம் உருவாயிற்று. உயிரிழையங்களை அதில் தெளிவாகப் பார்க்கும் அளவுக்கு மெல்லியதாகச் சீவும் கலை கைவர மேலும் இருபது ஆண்டுகள் சென்றன.

1954இல் டோல்ற்றன், பீலிக்ஸ் என்ற இரு ஆய்வாளர் கொல்கி உடலை இலத்திரன் நுணுக்குக்காட்டியினூடே காட்டினர். மென்சவ்வாலான தட்டையான பைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டும், அருகே சிறு குமிழ்கள் சூழ்ந்தும் காணப்பட்டன. நீங்கள் இன்று படத்தில் வரைவது இந்த அடுக்கையே. கொல்கி வரைந்த வலையை அல்ல. ஆகவே பரீட்சையில் இதனை வலையாக வரைந்துவிட வேண்டாம், வளைந்த பைகளின் அடுக்காக வரையுங்கள். கலத்தில் ஆக்கப்படும் புரதங்களைப் பக்குவப்படுத்தி, பொதிசெய்து, சுரந்து அனுப்பும் வேலை அதனுடையது. வழக்கில் கொல்கி வென்றார், இறந்து இருபத்தெட்டு ஆண்டுகளின் பின்.

தசையின் கதை இன்னும் சுவையானது. அங்கே ஒரு புதிர் காத்திருந்தது. நரம்பிலிருந்து வரும் கணத்தாக்கம் தசைநாரின் மேற்பரப்பைத்தான் வந்தடைகிறது. சுருங்க வேண்டிய சிறுநார்களோ நாரின் நடுப்பகுதி வரை நிறைந்திருக்கின்றன. தசைநார் ஒன்று மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு வரை தடிப்பாக இருக்கலாம். மேற்பரப்பிலிருந்து ஏதோ ஓர் இரசாயனப் பொருள் பரவிச் சென்றுதான் நடுவிலுள்ள சிறுநார்களை எழுப்புகிறது என்றால், அதற்கு எடுக்கும் நேரம் எவ்வளவு? ஏ. வி. ஹில் என்ற ஆங்கில விஞ்ஞானி 1948இல் கணக்கிட்டுப் பார்த்தார். பரவல் போதாது, தசை அதைவிட வேகமாகச் சுருங்குகிறது. அப்படியானால் செய்தி உள்ளே போக ஒரு வழி இருக்க வேண்டும். ஒரு கிராமத்துக்குச் செய்தி சொல்ல, வீதியில் நின்று கூப்பிட்டால் கடைசி வீட்டுக்குக் கேட்காது. ஒவ்வொரு வளவுக்கும் போகும் ஒழுங்கை இருந்தால்தான் ஆள் போய்ச் சொல்லலாம். அந்த ஒழுங்கை எங்கே?

1950களில் பெனற், போட்டர், பலாடே ஆகியோர் தசையை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது சிறுநார்களைச் சுற்றி மென்சவ்வாலான வலைகளைக் கண்டனர். பழைய நூல்களைத் தேடினால், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே பாவியாவிலிருந்து ஒருவர் அவற்றை வரைந்து வைத்திருக்கிறார்! மேலும் ஆராய்ந்தபோது அங்கே ஒன்றல்ல, இரண்டு தொகுதிகள் உள்ளன என்பது தெளிவாயிற்று.

ஒன்று, குறுக்குக் குழாய்த் தொகுதி. தசைநாரை மூடியிருக்கும் முதலுருமென்சவ்வு இடையிடையே உட்புறமாக மடிந்து, மிக நுண்ணிய குழாய்களாக நாரின் நடுப்பகுதி வரை செல்கிறது. இவையே நாம் தேடிய ஒழுங்கைகள். தவளையின் தசையில், பட்டிகளின் குறிப்பிட்ட மட்டத்தில் மட்டும் மேற்பரப்பை மின்னால் தூண்டினால் உள்ளே சுருக்கம் தொடங்குகிறது என்பதை அன்ட்ரூ ஹக்ஸ்லியும் ரெய்லரும் 1950களில் பரிசோதனையால் காட்டினர். வழி திறந்திருக்கும் இடம் அதுவே.

மற்றது, தசைமுதலுருச் சிறுவலை. இது நீங்கள் அறிந்த அகமுதலுருச் சிறுவலையின் தசைக்கே உரிய வடிவம். ஒவ்வொரு சிறுநாரையும் சட்டைபோலச் சுற்றியிருக்கும் இம்மூடிய பைகளுக்குள் கல்சியம் அயன்கள் சேமிக்கப்பட்டிருக்கின்றன. குறுக்குக் குழாயின் இருபுறமும் இச்சிறுவலையின் பருத்த முனைகள் ஒவ்வொன்று ஒட்டினாற்போல் அமைந்திருக்கின்றன. நடுவில் ஒன்று, பக்கத்தில் இரண்டு. எனவே இம்மூன்றையும் சேர்த்து மும்மை என்பர்.

நீங்கள் பேனாவைப் பிடிக்கும்போது நடப்பது இதுதான். கணத்தாக்கம் தசைநாரின் மேற்பரப்பில் பரவுகிறது. குறுக்குக் குழாய்களின் வழியே உள்ளே இறங்குகிறது. அயலிலுள்ள சிறுவலையின் வாயில்கள் திறக்கின்றன. கல்சியம் அயன்கள் சிறுநார்களிடையே பாய்கின்றன. கல்சியம் கிடைத்ததும் சிறுநாரிலுள்ள புரத இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தசை சுருங்குகிறது. கணத்தாக்கம் நின்றதும் சிறுவலையின் மென்சவ்வில் உள்ள பம்பிகள், ஏரீபீ சக்தியைச் செலவிட்டு, கல்சியத்தை மீண்டும் பைக்குள் இறைத்துவிடுகின்றன. தசை தளர்கிறது. தளர்வதற்கும் சக்தி வேண்டும் என்பதை மாணவர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. உயிர் பிரிந்த சில மணித்தியாலங்களில் உடல் விறைப்பது இதனாலேயே. ஏரீபீ தீர்ந்துபோகிறது, கல்சியத்தை இறைக்க வழியில்லை, ஒன்றையொன்று பற்றிய இழைகளும் விடுபடுவதில்லை.

வெராற்றி 1902இல் கறுப்பாக்கியது பெரும்பாலும் குறுக்குக் குழாய்களையே என்று இன்று கருதப்படுகிறது. அக்குழாய்கள் சாதாரண நுணுக்குக்காட்டிக்கு எட்டாத அளவு மெல்லியவை. உலோக வீழ்படிவு படிந்து அவற்றைத் தடிப்பாக்கியதால் அவர் கண்ணுக்கு அவை அகப்பட்டன. வீழ்படிவுதான் வலையாகத் தெரிகிறது என்று ஐயுற்றவர்கள் பாதி சரியாகவே சொன்னார்கள். வீழ்படிவு எதன்மேல் படிந்தது என்பதைத்தான் அவர்கள் கேட்கவில்லை.

1961இல் வெராற்றியின் ஆய்வு முழுமையாக ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, அமெரிக்கக் கலவியல் சஞ்சிகையொன்றின் இணைப்பாக வெளிவந்தது. ஐம்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் வரைந்த படங்களும் அதில் இடம்பெற்றன. ஆசான் மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. வெராற்றி உயிரோடு இருந்தார். அவர் 1967இல் காலமானார்.